பதினோரு பேருக்குத் தெரிந்த ஜெபக்குறிப்பு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், என் தொண்டையைத் தவிர. நீயும் அங்கே சுகம் என்று உன் அம்மா சொல்கிறாள், இருந்தாலும் அவள் வழியாகக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது, அதனால்தான் நேராகவே எழுதுகிறேன். அப்பாவிடமிருந்து கடிதமா என்று பதறாதே பாப்பா, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் அப்பா இருபத்தொரு நாளாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, விஷயம் அவ்வளவுதான். நீ சிரிப்பாய் என்று தெரியும். உன் அம்மா தினமும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

இருபத்தாறு வருடமாகப் பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொன்ன தொண்டை, ஒரு நாள் காலையில் நாலாம் நடைமேடை என்று ஆரம்பித்து நாலோடு நின்றுவிட்டது. தொண்டை டாக்டர் மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நரம்பில் இரண்டு முடிச்சு விழுந்திருக்கிறது, மைக் இருக்கும்போது எதற்காகக் கத்தினீர்கள் என்று கேட்டார். மைக்கை நம்பி நான் என்றைக்குமே பேசியதில்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது. இருபத்தொரு நாள் வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுப்பும் கூடாது என்று சொல்லிவிட்டு உன் அம்மா பக்கம் திரும்பி, வீட்டில் ஒத்துழைப்பு இருக்குமா என்றார். முழு மனதோடு இருக்கும் என்று அவள் சொன்ன வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்குத் திரும்புகிற வழியிலேயே ஒரு சிலேட்டும் ஒரு டப்பா சுண்ணக்கட்டியும் வாங்கிக் கொடுத்தாள். வேலையில் என்னைத் தொலைந்த பொருள் கவுண்டரில் உட்கார வைத்துவிட்டார்கள். என் இடத்தில் டிக்கெட் கவுண்டர்க்காரர் அறிவிக்கிறார், வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுகிற மாதிரி இருக்கிறது, ஆனாலும் எல்லா பஸ்ஸும் நேரத்துக்குக் கிளம்பிவிடுகின்றன. இத்தனை வருடமாக என் குரலைக் கேட்டுத்தான் அவை கிளம்பின என்று நினைத்திருந்தேன்.

வீட்டில் சாப்பாட்டு ஜெபம் உன் அம்மா கைக்குப் போய்விட்டது. நான் ஜெபித்த காலத்தில் தட்டில் ஆவி அடங்கி ஆடை படியும்வரை நீ ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாயே, அதெல்லாம் இப்போது இல்லை. முதல் நாள் அவள் கண்ணை மூடி, ஆண்டவரே சாப்பாட்டுக்கும் நன்றி, இந்த அமைதிக்கும் நன்றி, ஆமென் என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றினாள். எனக்குக் கோபம்தான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாகச் சாப்பாடு சூடாக வயிற்றுக்குள் போனது, அதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

நாலாம் நாள் காலையில் உன் அம்மா நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ரொம்ப நாளாக ஒன்று சொல்ல வேண்டும், சொன்னால் நடுவில் புகுந்து பேசுவீர்கள், இப்போதுதான் முடியாதே, கேளுங்கள் என்றாள். சிலேட்டையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நாலு மாதமாக நீ என் போனை எடுக்காததற்கு வேலைதான் காரணம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். மிருக ஆஸ்பத்திரி என்றால் சும்மாவா, குதிரையும் மாடும் நேரம் பார்த்தா நோயில் விழும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தேன். காரணம் நான்தான் என்று அவள் சொல்லித்தான் தெரியும்.

நீ அந்த மிருக டாக்டர் லைசென்ஸ் பரீட்சையில் மூன்றாம் முறையும் தவறிவிட்டதை முதலில் என்னிடம்தான் சொன்னாய். இப்போதைக்கு யாருக்கும் வேண்டாம் அப்பா என்றாய். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை, அம்மாவை விட்டுவிட்டு என்னிடம் சொல்லியிருக்கிறாளே என்று. நான் யாரிடமும் சொல்லவில்லை பாப்பா, சத்தியமாக உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கடவுளிடம் மட்டும்தான் சொன்னேன். சொன்னபோது அறையில் இருபது பேர் இருந்தார்கள், உன் அம்மாவும் அதில் ஒருத்தி. சனிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் கண்ணை மூடினால் எனக்கு மைக் முன்னால் நிற்கிற நினைப்பு வந்துவிடுகிறது. வண்டி எண், நேரம், நடைமேடை எதையும் விடாமல் சொல்லிப் பழகிய வாய், உன் விஷயத்திலும் எதையும் விடவில்லை. எந்தப் பரீட்சை, எத்தனையாவது தடவை, குதிரைகளைப் பற்றிய தாளில் எத்தனை மதிப்பெண் குறைந்தது, எல்லாவற்றையும் ஆண்டவருக்குப் புரியும்படி விளக்கினேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, பதினோரு பேருக்குப் புரிந்து உனக்குப் போன் செய்திருக்கிறார்கள். தையல்கடை பட்டன் அக்கா ஞாபகசக்தி மருந்து ஒன்று வாங்கி வைத்துவிட்டு, உனக்குக் குதிரை என்றால் பயமா என்றும் கேட்டாளாமே.

அந்தப் போன்கள் வந்தபோது நீ உன் அம்மாவிடம் சொன்னதை அவள் அப்படியே சொல்லிக் காட்டினாள். “அப்பா எனக்காக ஜெபம் பண்ணலம்மா, என்னைப் பத்தி அறிவிப்பு சொல்லிட்டார்.” அதைக் கேட்டதும் சிலேட்டைப் பிடுங்கி, கடவுளிடம்தானே சொன்னேன் என்று எழுதிக் காட்டினேன். அவள் படித்துவிட்டு, அவருக்குச் சொல்ல எதற்கு அவ்வளவு சத்தம் என்று கேட்டாள்.

அந்தச் சனிக்கிழமை கூட்டம் கடிகாரம் பழுது பார்ப்பவர் வீட்டில். சரிசெய்த கடிகாரங்களை ஒரு வாரம் சுவரில் ஓடவிட்டுப் பார்ப்பார், அதனால் அந்த அறையில் ஒவ்வொரு சுவரிலும் ஒவ்வொரு நேரம். நான் பேச முடியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, நீங்கள் சிலேட்டில் எழுதுங்கள், பட்டன் அக்கா சத்தமாக வாசிக்கட்டும் என்றார்கள். நானும் உற்சாகமாக ஆரம்பித்தேன். வானத்தையும் பூமியையும் படைத்தவரே, சகல அதிகாரமும் உடையவரே என்று வழக்கமான பட்டங்களை எழுதும்போதே ஒரு பக்கம் தீர்ந்தது. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன், அதுவும் பட்டங்களிலேயே தீர்ந்தது. கேட்க வேண்டியதற்கு வருவதற்குள் எல்லோருக்கும் கால் மரத்துப்போனது. மூன்றாம் தடவை, என் மகள் மனமுடைந்து என்று எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தினேன். நிமிர்ந்து யாரைப் பார்த்தேன் தெரியுமா, பட்டன் அக்காவின் முகத்தை. அவள் முகத்தில் இரக்கம் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது, எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நானே பிடித்துவிட்டேன் பாப்பா, அது மாதிரி ஒரு வெட்கம் எனக்கு வந்ததே இல்லை. சட்டைக் கையாலேயே அழித்தேன்.

கடிகாரக்காரர் அதைக் கவனித்தாரோ என்னவோ, ஒன்றும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, “ஆண்டவரே, இவர் மனசுல இருக்கிறது உமக்குத் தெரியும். நாங்க இவர் பக்கத்துல இருக்கோம்” என்றார். அவ்வளவுதான் ஜெபம். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. முதல் நிமிடம் எனக்கு உடம்பெல்லாம் அரித்தது, இது முடிந்ததா இல்லையா, யாராவது ஆமென் சொல்லித் தொலையக் கூடாதா என்று இருந்தது. கடிகாரங்கள் அத்தனையும் காதுக்குள் ஓடின. பிறகு மெல்ல மெல்ல அதுவும் பழகிப்போய், இருபது பேர் என்னோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. எல்லோரோடும் சேர்ந்து ஜெபிப்பது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. அன்றைக்கு நான் யாருக்கும் ஒரு விவரமும் சொல்லவில்லை, ஆனால் நான் அழுதேன், பட்டன் அக்காவும் அழுதாள், எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

கவுண்டரிலும் ஒரு சங்கதி நடந்தது. இரண்டாம் வாரம் ஒரு அம்மாள் சாப்பாட்டு டப்பாவைத் தொலைத்துவிட்டு வந்தார். நான் பேச முடிந்தவனாக இருந்திருந்தால் என்ன நிறம், எந்த வண்டி என்று கேட்டு இரண்டு நிமிடத்தில் அனுப்பியிருப்பேன். பேச முடியாததால் தலையை ஆட்டினேன். அவர் டப்பாவில் ஆரம்பித்து, அதை யாருக்காகக் கட்டிக்கொண்டு போனார், அவருடைய அக்கா எந்த வார்டில் படுத்திருக்கிறார், அக்காவும் அவரும் எத்தனை வருடமாகப் பேசாமல் இருந்தார்கள் என்று எல்லாம் சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப நன்றி சார் என்று சொல்லிவிட்டு டப்பாவை வாங்காமலே போய்விட்டார். டப்பா என் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. அடுத்த பஸ் கிளம்புவதற்குள் ஓடிப்போய்க் கொடுத்தேன், அது வேறு விஷயம். ஆனால் அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் ஜெபிக்கும்போது ஆண்டவரை இப்படி ஒரு நாளாவது பேசவிட்டிருக்கிறேனா என்று. இருபத்தாறு வருடம் மைக் முன்னால் நின்றவனுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒருவர் இருப்பார் என்பது மறந்துபோகிறது.

பிறகு அந்தப் பதினோரு பேர் வீட்டுக்கும் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். என் மகளுக்கு இனிப் போன் செய்யாதீர்கள், தப்பு என்னுடையது என்று எழுதிக்கொண்டு ஒவ்வொரு வாசலாக நின்றேன். ஒருவர் நன்கொடை கேட்டு வந்த ஆள் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார். பட்டன் அக்கா மட்டும், அப்போது அந்த மருந்தை என்ன செய்வது என்று கேட்டாள். நான் யோசித்து, நீங்களே சாப்பிடுங்கள் என்று எழுதினேன். அவள் கோபித்துக்கொண்டு அரை மணி நேரம் திட்டினாள், நானும் அரை மணி நேரம் கேட்டேன், என்னால் வேறு என்ன செய்ய முடியும். கடைசியில் அவளே, பிள்ளைக்குச் சங்கடமாகப் போயிருக்கும், நாங்கள் யோசிக்கவில்லை என்றாள்.

இனி நான் எழுத வந்ததற்கு வருகிறேன். நேற்றுக் காலை துணி துவைக்கும் அறையில் முழங்கால் போட்டேன், அங்கேதான் கதவு சரியாகச் சாத்தும். பட்டங்கள் ஒன்றும் இல்லாமல் நேராக உன் விஷயத்துக்கு வந்தேன், அடுத்த தடவை இவள் தேறவேண்டும் என்று மனதுக்குள் ஆரம்பித்தேன். ஆரம்பித்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அன்றைக்குப் போனில் நீ தவறிவிட்டேன் என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு இழுத்தாய். அப்பா, நான் என்று ஆரம்பித்தாய். அதற்குள் நான், கவலைப்படாதே, ஜெபிப்போம், அடுத்த தடவை முதல் மதிப்பெண் என்று உன் தலைக்கு மேலே பேசிக்கொண்டே போய்விட்டேன். நீ சரி அப்பா என்று வைத்துவிட்டாய். நீ சொல்ல வந்தது எனக்குத் தெரியாது. மறுபடி எழுதப் போகிறாயா, போதும் என்று இருக்கிறாயா, ஊருக்கே திரும்பி வந்துவிடலாமா என்று நினைக்கிறாயா, எதுவும் தெரியாது. உனக்கு என்ன வேண்டும் என்று தெரியாமலே, நீ அங்கே போன இந்த நாலு வருடமாக உனக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த அறையில் வெகுநேரம் வெறுமனே முழங்காலில் இருந்தேன். கேட்க ஒன்றும் இல்லை, எழுந்து போகவும் மனமில்லை. இதுவரை நான் செய்த ஜெபங்களில் அதுதான் உருப்படியானது என்று தோன்றுகிறது, ஏனென்றால் எழுந்ததும் நேராக வந்து இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

என்னை மன்னித்துவிடு பாப்பா. இதைச் சுற்றி வளைத்து எழுதத் தெரியவில்லை. நீ நம்பிச் சொன்னதை நான் கூட்டத்தில் வைத்தேன், பக்தி என்ற பெயரில் வைத்தேன், அதனால் உன்னால் சண்டைகூடப் போட முடியவில்லை. அப்பா மேல் கோபப்பட்டால் ஜெபத்தின் மேல் கோபப்பட்ட மாதிரி ஆகிவிடுமே என்று நீ தவித்திருப்பாய். கோபப்படு, அதில் பாவம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய் என்று மட்டும் எழுது. உனக்காக நான் என்ன கேட்கட்டும் என்றும் எழுது. ஒன்றும் கேட்க வேண்டாம், சும்மா இருங்கள் என்றால் அதையும் எழுது, சும்மா இருக்கவும் இப்போது கொஞ்சம் பழகியிருக்கிறேன்.

திங்கட்கிழமை முதல் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த ஐந்து நிமிடத்தைக் குழாய் ரிப்பேர்க்காரரோடு சண்டை போடச் செலவழிக்க வேண்டும் என்று உன் அம்மா திட்டம் வைத்திருக்கிறாள். நீ போன் செய்வதாக இருந்தால் அதை உனக்கு எடுத்துவைக்கிறேன், அதிலும் நாலரை நிமிடம் நீயே பேசலாம். வேளைக்குச் சாப்பிடு. குதிரைக்குப் பின்பக்கம் நிற்காதே, பரீட்சைக்குப் படித்தாயோ இல்லையோ இதை ஞாபகம் வைத்துக்கொள். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் பார்த்துக்கொள்வார், உன் மனதில் இருப்பது எனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரியும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் நிறைய ஆறுதலும் உண்டு. உன்னை நிறைந்த மனதோடு ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
சத்தமில்லாமல் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா

பின்குறிப்பு: உன் அம்மா இந்தக் கடிதத்தைக் காட்டச் சொன்னாள், உறையை ஒட்டிவிட்டேன் என்று எழுதிக் காட்டினேன். உன் பதில் வந்தால் அதையும் காட்டச் சொல்வாள், காட்டமாட்டேன். துணி துவைக்கும் அறைக்கு எடுத்துக்கொண்டு போய், கதவைச் சாத்திக்கொண்டு, முழுவதும் படித்து முடித்த பிறகுதான் ஜெபத்துக்குக் கண்ணை மூடுவேன்.