கிணற்றடியில் உட்காராதவர்

அண்ணை,

உங்கள் மூத்த மகன் சனிக்கிழமை கர்க்லாண்டிலிருந்து காரில் என் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு படத்தை என் கையில் தந்தார். கல்லால் கட்டிய பழைய கிணறு, அதன் விளிம்பில் கால்மேல் கால் போட்டபடி அவர். கையில் ஐஸ்கிரீம். பின்னால் மணிக்கூட்டுக் கோபுரம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். கிணற்றின் கூரை உச்சியில் அதே இரும்புச் சேவல். வால் இன்னும் வளைந்துதான் இருக்கிறது.

"ஜேர்மனியில அப்பா இருந்த ஊர், மாமா. பிள்ளையளோட போனனாங்கள். ஊரைச் சுத்தி அந்தக் காலத்து மதில் அப்பிடியே நிக்குது. சரியான வடிவு."

படத்தோடு சுற்றுலாக்காரருக்குக் கொடுக்கும் மடிப்புத் தாள் ஒன்றும், பிரெஞ்சு மொழியில், இருந்தது. கீழ்வாசலில் தொடங்கிக் கிணறு, மணிக்கூட்டுக் கோபுரம், தேவாலயம், மதிலின் மூலைக் கொத்தளம் என்று ஒரு சிறு நடைக்கு வழி கீறியிருக்கிறார்கள். அந்த வாசல் நூற்றாண்டுகளாக வழிப்போக்கர்களை அன்போடு வரவேற்று வருகிறதாம். நான் அடிமட்டத்தை எடுத்து அந்த வரியின் கீழே சிவப்புக் கோடு போட்டேன். 

எங்களையா, அண்ணை, வரவேற்றது?

உங்கள் மகனுக்கும் கோபம்தான், ஆனால் அது வேறு கோபம். "நகரசபைக் கந்தோருக்குப் போய் அப்பான்ர பேரைச் சொன்னனான். அப்பிடி ஒரு எஞ்சினியர் தங்களிட்ட இருக்கேல்லையாம். எழுத்துக் கூட்டிச் சொல்லியும் பாத்தன். அங்க இருந்த பொம்பிளை சிரிக்கிறா, மாமா! கோப்பைத் துலைச்சுப்போட்டு நிண்டு சிரிக்கிறா."

சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். போன வருடம் நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாளில் வந்தவர்களுக்கெல்லாம் கல்வெட்டுப் புத்தகம் கொடுத்தோம் அல்லவா, வாழ்க்கை வரலாறும் தேவாரமும் உறவினர் பெயர்களுமாக. அதையே இப்போது முதலாண்டு ஆட்டைத் திவசத்துக்கு வர்ணப் படங்களோடு மறுபடி அச்சிடப் போகிறார். "எழுத்துப் பிழை மட்டும் பாருங்கோ, மாமா. நீங்கள் பாத்தா ஒரு குத்தும் தப்பாது."

மூன்றாம் பக்கத்தில் அந்த வசனம் இருந்தது. ஜேர்மனியில் நகராட்சிப் பொறியியல் பிரிவில் நீங்கள் திறம்படப் பணியாற்றினீர்களாம். போன வருடமும் அதை வாசித்தேன். விடுபட்டிருந்த காற்புள்ளியைப் போட்டுக் கொடுத்தேன். அந்த வரலாற்றின் அடியில், தொகுத்தவர் என்று என் பெயர் அச்சாகியிருக்கிறது. பொய்க்குக் காற்புள்ளி போட்டவன் நான்.

நாங்கள் அங்கே தெருக் கூட்டினோம். இவ்வளவு சிறிய வசனம் அது.

மதிலுக்கு வெளியே, விடுதியாக மாற்றிய பழைய களஞ்சிய அறையில் எங்களைப் பதினாலு பேராகப் போட்டிருந்தார்கள். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை அந்த மாவட்டத்தைத் தாண்டக்கூடாது. விரும்பிய வேலை செய்யக்கூடாது. ஆனால் விடியற்காலையில் செம்மஞ்சள் அங்கியும் விளக்குமாறும் தந்து, கீழ்வாசலிலிருந்து கொத்தளம் வரை கூட்டச் சொன்னார்கள். உருளைக் கல் பதித்த தெரு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சிகரெட் அடிக்கட்டைகள் சிக்கிக் கிடக்கும். நான் மேலால் தள்ளிக்கொண்டு போவேன். நீங்கள் குனிந்து, ஒரு ஆணியால் ஒவ்வொன்றாகக் கிண்டி எடுப்பீர்கள். வாசலிலிருந்து கிணற்றுக்கு நூற்று அறுபத்திரண்டு காலடி, கிணற்றிலிருந்து கோபுரத்துக்கு எண்பத்தெட்டு. எண்ணிச் சொன்னவர் நீங்கள். கொப்பியில் குறித்துக்கொண்டவன், ஊரில் பள்ளி மாஸ்டராக இருந்த நான்.

கூட்டி முடித்ததும் கிணற்று விளிம்பில் சற்று இருப்போம். அந்த ஊரில் எங்களுக்குப் பிடித்த இடம் அதுதான். ஒருநாள் ஓர் அதிகாரி மொழிபெயர்ப்பாளரோடு விடுதிக்கு வந்து ஒரு தாளை வாசித்தார். சுற்றுலாக்காரர் வரும் நேரத்தில் விடுதியில் இருப்பவர்கள் கிணற்றடியிலும் தேவாலயப் படியிலும் உட்கார்ந்திருக்கக்கூடாது. படம் எடுப்பவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறதாம். அவர் குரலை உயர்த்தவேயில்லை, அண்ணை. சிரித்த முகத்தோடு வாசித்துவிட்டு நன்றியும் சொன்னார். அதை இன்று நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது. நாங்கள் கூட்டிய கல், நாங்கள் பாசி உரசிய விளிம்பு! ஆனால் அன்று என்ன செய்தேன்? தாளை வாங்கி நாலாக மடித்துப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தேன்.

நீங்கள் அன்று பின்னேரம் முகம் வழித்தீர்கள். வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டீர்கள். எங்கே என்று கேட்டேன்.

"நடக்க."

"அண்ணை, இப்பதானே சொல்லிப்போட்டுப் போறாங்கள்."

"இருக்கக் கூடாதெண்டு சொன்னவங்கள். நடக்கக் கூடாதெண்டு சொல்லேல்லையே, மாஸ்டர்."

முதல் மூன்று நாளும் நான் வரவில்லை. விடுதி ஜன்னலில் நின்று, நீங்கள் கீழ்வாசலுக்குள் நுழைவதை மட்டும் பார்த்தேன். நாலாம் நாள், பயத்தைவிட வெட்கம் கூடி, பின்னால் வந்தேன். நாலு மணி. மணிக்கூட்டிலிருந்து மரப்பொம்மைகள் வெளியே வரும் நேரம். கூட்டம் அண்ணாந்து நிற்கும். நான் தலையைக் குனிந்து ஓட்டமும் நடையுமாக வர, நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்தீர்கள். "பொலிஸா கலைக்குது? மாப்பிள்ளை அழைப்பு மாதிரி நடவும்."

கிணற்றடியில் ஒரு பெண் படக்கருவியோடு நின்று, விலகச் சொல்லிக் கையை அசைத்தாள். நான் உடனே ஒதுங்கினேன். நீங்கள் ஒதுங்காமலே அவளுக்கு வணக்கம் சொல்லி, அதே வேகத்தில் கடந்தீர்கள். "ஏன் ஒதுங்கினீர்? உந்தத் தெருவைக் காலமை கூட்டினது ஆர்? அவவோ?" கொத்தளம் வரை போய்த் திரும்பினோம். ஒரு இடத்திலும் உட்காரவில்லை. அதற்குப் பிறகு பனியிலும் மழையிலும் ஒரு பின்னேரம் தவறவிடவில்லை. கடைசியில் ரொட்டி சுடும் வெதுப்பகக்காரக் கிழவன் எங்களைப் பார்த்துத் தன் மணிக்கூட்டைச் சரிபார்க்கத் தொடங்கினான்.

இதையெல்லாம் விட்டுவிட்டுப் பொறியியல் பிரிவு!

அந்தப் பொய்யை உங்கள் மகன் உண்டாக்கவில்லை. உண்டாக்கியவன் நான் என்பதை அவரிடமிருந்து ஒளித்துவைத்திருந்தேன். உங்கள் கையெழுத்துக் கோழி கிளறியது போல இருக்கும் என்று, ஊருக்குப் போகும் கடிதங்களை நான்தான் எழுதித் தருவேன். "தெருக் கூட்டுறன், சுகமாய் இருக்கிறன் எண்டு எழுதும்" என்றீர்கள். என் பேனா அங்கே நின்றது. உங்கள் மனைவியான அக்கா, அவரின் தகப்பனார், ஊர்ச் சனம் என்று எல்லார் முகமும் வந்து போனது. நகரசபையில் வேலை, தெருக்களுக்குப் பொறுப்பு என்று எழுதினேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே நியாயமும் சொன்னேன். உங்கள் மாமனார் அதைப் பத்துப் பேருக்கு வாசித்துக் காட்ட, மாரி முடிவதற்குள் நீங்கள் எஞ்சினியர் ஆகிவிட்டீர்கள்.

ஜேர்மனியை விட்டு இங்கே வந்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் களஞ்சிய வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது உங்கள் காதுக்கு வந்தது. என்னைத் திட்டவில்லை. பஸ்தரிப்பில் வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்: "நான் வெக்கப்படாத வேலைக்கு நீர் ஏன் வெக்கப்பட்டனீர்?" பஸ் வந்துவிட்டது. நான் முந்திக்கொண்டு ஏறிவிட்டேன். பிறகு நீங்களும் கேட்கவில்லை. மாமனார் ஊரில் தலைநிமிர்ந்து திரிகிறார், இனி அதைக் கெடுப்பானேன் என்று விட்டீர்களோ, என்னைக் காட்டிக்கொடுக்க விரும்பவில்லையோ, எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"தம்பி, அந்தப் பொம்பிளை கோப்பைத் துலைக்கேல்லை. உம்மட அப்பா அங்க தெருக் கூட்டினவர். நானும் கூட்டினனான்."

"மாமா, பகிடி விடாதேங்கோ."

"எஞ்சினியர் கதை என்ர கடிதத்தில வந்தது."

அவர் முகம் சிவந்துவிட்டது. "அப்ப போன வருசம் ஏன் வாய் திறக்கேல்லை? ஐந்நூறு பிரதி அடிச்சுக் குடுத்திருக்கிறன். என்ர பெண்சாதியின்ர ஆக்கள் எல்லாம் வருவினம். இப்ப போய் அப்பா குப்பை அள்ளினவர் எண்டு போடச் சொல்லுறியளோ?"

அண்ணை, நான் யாரோடும் சண்டை பிடித்தவன் இல்லை. ஆனால் எழுந்து நின்றேன். "போடாட்டி என்ர பேரை எடுத்துவிடும். நான் திவசத்தில எழும்பிச் சொல்லுவன்." என் குரல் கிறீச்சிட்டது எனக்கே கேட்டது. 

அவர் வாசலுக்குப் போய்ச் சப்பாத்துக்குள் ஒரு காலை விட்டார். நின்றார். திரும்பாமலே கேட்டார்: "எந்தத் தெரு?"

மடிப்புத் தாளை விரித்து, வழியை விரலால் காட்டினேன். பிறகு பெட்டிக்குள்ளிருந்து நாலாக மடித்த பழைய தாளை எடுத்து வந்து வரிக்கு வரி பொருள் சொன்னேன். உட்காரக்கூடாத இடங்களின் பெயர் வந்தபோது, மேசையில் கிடந்த தன் படத்தை அவர் பார்த்தார். 

"நான் உதில இருந்து ஐஸ்கிரீம் குடிச்சிருக்கிறன், மாமா" என்றார். ஒற்றைச் சப்பாத்தோடு நின்றார். "எழுதித் தாங்கோ. போடுறன் எண்டு சொல்லேல்லை. அம்மாவிட்டக் காட்டவேணும்."

அன்றே எழுதிக் கொடுத்தேன். மூன்று பந்தி. கிணறு, கோபுரம், கொத்தளம், காலடிக் கணக்கு எல்லாம். அந்தக் கடிதத்தை எழுதியவன் யார் என்பதையும் எழுதினேன்.

இன்று காலை தொலைபேசியில் அழைத்தார். அக்கா மூன்று பந்தியையும் மூக்குக் கண்ணாடியோடு வாசித்தாராம். "அம்மாவுக்கு இங்க வந்த முதல் நாளே தெரியுமாம், மாமா. 'எஞ்சினியரின்ர உள்ளங்கை உப்பிடிக் காய்ச்சுப் போயிருக்குமோ?' எண்டு என்னைப் பேசுறா. மாஸ்டர் சரியாத்தான் எழுதியிருக்கிறார், அப்பிடியே போடட்டாம். என்ர படத்தையும் போடுறன். பக்கத்தில அந்தத் தாளையும்."

தொலைபேசியை வைத்துவிட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. அப்படியானால் நாற்பது வருடமாக யாருக்காக மறைத்தேன்? உங்களுக்கு வெட்கமில்லை. அக்காவுக்கு வெட்கமில்லை. வெட்கப்பட்டவன் நான் ஒருவன். என் ஒருவனுக்காக நீங்கள் வாய்மூடி இருந்தீர்கள். அந்த அதிகாரி எங்களைக் கிணற்றடியிலிருந்து எழுப்பினான். நான் உங்களை அந்தத் தெருவிலிருந்தே எடுத்துவிட்டேன். எது பெரிய அநியாயம் என்று கணக்குப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

இங்கே, நான் குடியிருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸில், என் கட்டட வாசலிலிருந்து மெட்ரோ வரை நாலு மணிக்கு நடக்கிறேன். நடுவே, தேவாலயத்துக்கு முன் உட்கார ஒரு மர வாங்கு இருக்கிறது. இடுப்பும் நாரியும் வலித்தால், யாரும் எழும்பச் சொல்லுமுன் எழும்பிவிடத் தோதாக அதன் ஓரத்தில் இருப்பேன்.

இன்றும் நாலு மணிக்கு வெளிக்கிட்டேன். ஓடவில்லை. வாங்கின் நடுவில் போய் இருந்தேன், உங்களுக்கும் பக்கத்தில் இடம் விட்டு.