எலி நுழையாத கூடு

இன்று காலை முயல் கூட்டுக் கால்களுக்கு அடியில் இருக்கும் கிண்ணங்களில் ஆயில் ஊற்றினேன். ஒர்க்‌ஷாப்பில் வண்டிக்கு மாற்றிக் கழித்த கறுப்பு ஆயில். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீங்கள் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. டிராக்டர் ஓட்டிவிட்டு வந்தால் சட்டை, கை, தலைமுடி எல்லாம் உங்களுக்கு இதே வாடைதான். "குளிச்சிட்டு வந்து சோத்துல கைய வைங்க" என்று எத்தனை நாள் கத்தியிருப்பேன். இப்போது நானே அந்தக் கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலாகத்தான் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவள் என்று தெரிந்துதானே கட்டினீர்கள்.

கறம்பக்குடி சந்தையிலிருந்து நீங்கள் அட்டைப்பெட்டியில் இரண்டு முயலைக் கொண்டுவந்து இறக்கியபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

"இதுக்கு ஒரு ஆட்டப் புடிச்சிட்டு வந்திருக்கலாம்ல?"

"ஆடு கத்தும் புள்ள. இந்த வீட்டுல கத்துறதுக்கு ஒரு ஆளு போதும்."

முதல் ஈற்றுக் குட்டிகளைக் கீரி கொண்டுபோனது. அன்று நீங்கள் சாப்பிடவில்லை. மறுநாள் வேலைக்கும் போகவில்லை. வேப்பமரத்தடியில் கூட்டைப் பிரித்துப் போட்டுப் புதிதாகக் கட்டினீர்கள். கோழிவலைக் கம்பி வேண்டாம், அதில் எலி புகுந்துவிடும் என்று, சுண்டுவிரல்கூட நுழையாத வலையாகத் தேடி வாங்கி வந்து, அடியிலும் பக்கத்திலும் இரட்டையாக அடித்தீர்கள். எறும்பு ஏறாமல் இருக்கக் கால்களுக்கு ஆயில் கிண்ணம். சாரல் அடிக்கிற பக்கம் தார்ப்பாய். வெயில் காலத்தில் மேலே நனைத்த சாக்கு. கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இனிமே எறும்பா இருந்தாலும் எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் உள்ள போகணும்" என்றீர்கள். "எனக்கு இப்பிடி ஒரு வீடு கட்டலையே" என்றேன். "நீ கீரியவே வெரட்டிருவ, ஒனக்கு எதுக்கு?" என்று சிரித்தீர்கள்.

கடைசியாக என்னிடம் பேசியதும் முயலைப் பற்றித்தான். பெட்டை வாயில் வைக்கோலைக் கவ்விக்கொண்டு அலைந்தது. குட்டி போடுவதற்கு ஒரு பெட்டியைக் கூட்டுக்குள் வைத்துவிட்டு, "இன்னைக்கு நாளைக்குள்ள போட்டுரும், பாத்துக்க" என்று வேலைக்குப் போனீர்கள். உழுதுகொண்டிருந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார் என்று மத்தியானம் சேதி வந்தது.

மறுநாள் உங்களை எடுத்துக்கொண்டு போனதும், வழக்கப்படி பெண்களெல்லாம் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். உங்கள் அக்காதான் முன்னால் நின்றார். தீட்டு என்று பானை சட்டி, பாய், வாசல் ஒன்றையும் விடவில்லை. என்னை நடுவீட்டில் உட்காரவைத்திருந்தார்கள். அப்போது வெளியிலிருந்து அவர் குரல் கேட்டது.

"அடியே, இங்க வந்து பாருங்கடி. கூட்டுப் பெட்டிக்குள்ள எலி குட்டி போட்டு வச்சிருக்கு. செவசெவன்னு நெளியுது, கருமம்!"

"குப்பக்குழில கொட்டிட்டுப் பெட்டியக் கழுவி விடுக்கா" என்றது இன்னொரு குரல்.

அதுவரைக்கும் என் காதில் எதுவும் ஏறவில்லை. இது ஏறியது. எலியா? அந்தக் கூட்டுக்குள் எலியா? எறும்பே கேட்டுவிட்டுப் போகவேண்டிய கூட்டுக்குள் எலி எப்படிப் போகும்? பிறந்த முயல் குட்டிக்கு மயிர் கிடையாது, கண் திறந்திருக்காது, பார்த்தால் எலிக்குட்டிதான். இழவு வீட்டுச் சத்தத்தில் பெட்டை ஈன்றதை யாருமே பார்க்கவில்லை.

எழுந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் கையைப் பிடித்தார்கள். உதறிவிட்டு ஓடினேன். அதற்குள் கொட்டிவிட்டிருந்தார்கள். குப்பைக்குழியில் இறங்கி, வைக்கோலையும் பெட்டை தன் வயிற்றிலிருந்து பிடுங்கி வைத்திருந்த மயிரையும் விலக்கினால், குட்டிகள் மேல் கட்டெறும்பு. ஒவ்வொன்றாக எடுத்து ஊதினேன்.

"புருசன் சுடுகாடு போய்ச் சேரல, அதுக்குள்ள குப்பையக் கெளர்றாளே பாவி! கிறுக்குப் புடிச்சிருச்சுடி இவளுக்கு."

"கிறுக்குத்தான் அண்ணி. தள்ளி நில்லுங்க, மிதிச்சிராதீங்க. இது எலி இல்ல, மொசக்குட்டி."

உங்கள் அக்கா காலைப் பின்னுக்கு எடுத்தார். வண்ணாருக்குக் கொடுக்க ஒதுக்கி வைத்திருந்த துணியிலிருந்து உங்கள் சட்டையை உருவினேன். அதில் குட்டிகளைச் சுற்றி என் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். இரண்டு அசையவே இல்லை. மற்றவை ஜில்லென்று கிடந்தன. கொஞ்சங் கொஞ்சமாகச் சூடு ஏறியது. பெட்டியைத் துடைத்து, பொறுக்கிய மயிரைப் பரப்பினேன். நீங்கள் செய்வதுபோலவே மனுச வாடை தெரியாமலிருக்கப் பெட்டையின் படுக்கை வைக்கோலில் கையைத் தேய்த்துக்கொண்டு குட்டிகளை வைத்தேன். பெட்டை மூலையில் நின்று காலை உதைத்தது. ஏற்குமா, ஏற்காதா தெரியாது. மறுநாள் விடிந்ததும் மயிரை விலக்கிப் பார்த்தேன். குட்டிகளின் வயிறெல்லாம் உப்பியிருந்தது. தோலுக்குள்ளே பால் வெள்ளையாகத் தெரிந்தது.

அதோடு விட்டார்களா? கருமாதிக்கு முன்னால் உங்கள் தம்பி வந்தார். "மதினி, கருமாதி முடிஞ்சு கறி ஆக்கணும்ல. இதுகள இனிமே யாரு பாப்பா? அறுத்துப் போட்ருவோம்."

"கோழி அடிங்க, கெடா வெட்டுங்க. கூட்டுக்கிட்ட வராதீங்க தம்பி."

"தாலி அறுத்தவளுக்கு மொசலு ஒரு கேடு" என்றார் உங்கள் அக்கா.

"ஆமா அண்ணி, கேடுதான். எல அறுக்கப் போகணும், வழிய விடுங்க."

மூலையில் உட்கார வேண்டியவள் அரிவாளோடு தெருவில் இறங்கினேன். இன்றைக்கும் இறங்குகிறேன். முயலுக்கு விடிந்தால் பசிக்கும், ஊர் வழக்கம் அதற்குத் தெரியாது. போன வாரம் பஸ்ஸுக்கு வந்த ஒருவர் என்னை எதிரே பார்த்ததும் சகுனம் சரியில்லை என்று திரும்பி நடந்தார். "இந்த பஸ்ஸ விட்டா அடுத்தது பத்து மணிக்குத்தாண்ணே, பாத்துக்கங்க" என்றேன். முறைத்துக்கொண்டே ஓடிப்போய் ஏறினார். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

புருசனைத் தூக்கிக்கொண்டு போகும்போது இவள் மாரில் அடித்து அழாமல் குப்பைக்குழியில் நின்றாள் என்று இன்னும் பேசுகிறார்கள். பேசட்டும். அழுதால் கை நடுங்கும். நடுங்குகிற கையில் அதுகளை எப்படிப் பிடிப்பது? உங்கள் சட்டைக்குள் அவை ஒவ்வொன்றாகச் சூடேறி, என் வயிற்றில் முட்டி அசைய ஆரம்பித்தன. அந்த முட்டல் இன்னும் இங்கேதான் இருக்கிறது. அதைக் கழுவிவிட மட்டும் யாரையும் விடமாட்டேன்.