பிரேக்கில் புகுந்த காற்றும் என் வலது காலும்

2 பிப்ரவரி 1994, புதன்

இத்தனை நேரங்கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்கவும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? டைல்ஸ் கடையில் ஓசியாகக் கொடுத்த டைரி இது, அதற்குக் கோபமெல்லாம் வராது. கடிதம் எழுதியே பழகிய கை. துர்கா இப்போதுதான் தூங்கினாள். ஒன்பது மாதக் குழந்தை, ராத்திரி என்று ஒன்று இருப்பதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு செராமிக் கம்பெனியில் இந்த மாதம் முழுக்க நைட் ஷிப்டு.

எழுத வந்த விஷயம் பிரேக்.

போன மாதம் ஒரு பழைய பியட் கார் வாங்கினார். சக்கரத்துக்குள் இருக்கிற ரப்பர் வாஷர்களை வாசலில் உட்கார்ந்து தானே மாற்றினார். மாற்றியதெல்லாம் சரி, பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது. எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். பி.எஸ்ஸி. படித்தவளுக்கு இது புரியாமல் இல்லை. பெடலை மிதித்தால் பொங்கின இட்லி மாவில் கால் வைத்த மாதிரி தரை வரை போகிறது.

இருபதாம் தேதி சேத்தியாத்தோப்பில் என் தம்பி ஆதிநாராயணனுக்குக் கல்யாணம். "மாப்பிள்ளை அழைப்புக்கு நம்ம காருதான்" என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். மண்டபம் வெள்ளாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். நானும் சொல்லிவிட்டேன்: பெடல் கல் மாதிரி நிற்கிற வரைக்கும் என் பிள்ளை அந்தக் காரில் ஏறமாட்டாள்.

"குத்தூஸ் பாய்கிட்ட வுட்டா என்னாங்க?"

ஜங்ஷன் ரோட்டில் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கிறவர் அப்துல் குத்தூஸ் பாய். கார் வாங்கி வந்த அன்றைக்கே, "கொளஞ்சி, இது ஓட்டறதுக்கா, கோழி அடைக்கறதுக்கா?" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து இவர் சைக்கிளைக்கூட அந்த வழியாக விடுவதில்லை.

"மண்ணுல இருக்கற காத்தையே எடுக்கறவன் நானு. என் கையால வார்த்தது ஒண்ணாவது சூளையில வெடிச்சிருக்குதா? எண்ணெயில எடுக்க மாட்டனா?"

எடுப்பார். எடுக்கட்டும். எனக்குக் கவலை அந்தப் பாலம்தான்.

4 பிப்ரவரி, வெள்ளி

முதலில் ரெண்டு ஆள் முறை. நான் பெடலில், அவர் பின் சக்கரத்தடியில் ஸ்பேனரோடு. "அமுக்கு" என்றால் நாலைந்து தரம் மிதிக்க வேண்டும். "புடி" என்றால் மிதித்தபடியே நிற்க வேண்டும். அப்போது சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன நிப்பிளைத் திறப்பார், காற்றும் எண்ணெயுமாகப் பீச்சும். மூடிவிட்டு "வுடு" என்பார். அதற்கு முன்னால் காலை எடுத்தால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். இவ்வளவுதான். இதில் என்ன கஷ்டம்?

"புடி!"

பிடித்தேன். தூளியில் துர்கா வீல் என்றாள்.

"கால எடுத்தியா?"

"இல்லிங்க."

"எடுத்த. இங்க சர்ருனு உள்ள இழுக்குது."

"கொழந்த அழுதுச்சுங்க."

"கொழந்த அழுதா காதுல வுழும். காலு ஏன் எழும்புது?"

எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல. அடுத்த "புடி"யில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். துர்கா சமர்த்தாக விரல் சூப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஜெரினா அக்காவின் பையன் அழுதான். அதற்கும் எழுந்தது.

6 பிப்ரவரி, ஞாயிறு

"உன் காலே வேணாம்" என்று சொல்லிவிட்டார். இது இரண்டாவது முறை: நிப்பிளைத் திறந்து, அடியில் கிண்ணம் வைத்துவிட்டால் எண்ணெய் தானாகச் சொட்டுமாம், காற்றும் கூடவே வந்துவிடுமாம். மேலே டாங்கியில் எண்ணெய் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை.

திறந்தார். கறிக்குழம்பு சாப்பிட்டார். படுத்தார். நானும் துர்காவை அணைத்தபடி படுத்தேன். எழுந்தபோது டாங்கி காலி. அரைக் குழாயில் இருந்த காற்று இப்போது முழுக் குழாயிலும். போதாக்குறைக்கு, ஊற்றும்போது சிந்தின எண்ணெய் பட்ட இடமெல்லாம் கார் பெயிண்டு வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது.

"எப்படியும் புதுப் பெயிண்டு அடிக்கறதாத்தான் இருந்தேன்" என்றார். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

7 பிப்ரவரி, திங்கள்

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டினால் சாமி தீர்த்துவைக்கும். யார் மேல் எழுதுவது – அவர் மேலா, கார் மேலா, என் கால் மேலா? அவருக்கு வைத்திருப்பதே அந்தச் சாமி பேர். தன் ஆளுக்கு எதிராகவா தீர்ப்புச் சொல்லும்?

9 பிப்ரவரி, புதன்

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஜெரினா அக்காவின் வீட்டுக்காரர் அசீம் அண்ணன் துபாயிலிருந்து ஒரு பால் பம்பு அனுப்பியிருந்தார். தாய்ப்பால் எடுக்கிறது. அக்கா அதைத் தொடாமலே, துர்கா பிறந்தபோது எனக்குக் கொடுத்துவிட்டாள். நானும் தொடவில்லை. இன்று மத்தியானம் அவர் அதைக் கையில் வைத்து அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது உறிஞ்சுது சந்திரா."

"வெச்சிடுங்க."

"நிப்பிள்ல மாட்டி உறிஞ்சுனா காத்து தானா வரும்ல?"

"அத சக்கரத்துல மாட்டுனீங்கன்னா நான் இப்பவே பஸ் ஏறி அம்மா வூட்டுக்குப் போயிடுவேன்."

மாட்டினார். நான் பஸ் ஏறவில்லை, விளக்குப் பிடித்தேன். கண்ணாடிக் குடுவையில் குமிழி குமிழியாக வந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம். அரை மணி கழித்தும் வந்தது. ஒரு மணி கழித்தும். நிப்பிள் மரையின் இடுக்கு வழியாக வெளிக்காற்றைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. இப்படியே விட்டால் விருத்தாசலத்துக் காற்று முழுவதும் வந்திருக்கும்.

ஜெரினா அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்தாள். "ஏம்மா சந்திரா, காரு எப்பம்மா பிள்ள பெத்துச்சு?"

சிரிப்பை அடக்கியதில் எனக்கு விக்கல் எடுத்துவிட்டது. அவர் காதே கேட்காதவர் மாதிரி, குடுவையிலிருந்த எண்ணெயை வேட்டித் துணியில் வடிகட்டி மறுபடி டாங்கியில் ஊற்றினார்.

பம்பைப் புதைத்துவிட்டேன். பிரேக் ஆயில் விஷம்.

12 பிப்ரவரி, சனி

ஏழாம் தேதிப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. மோந்து பார்த்தேன். பிரேக் ஆயில்.

ஓகோ.

அதுதான் காலையில் இட்லி தின்றுகொண்டே, "கொளஞ்சியப்பரு யாருக்கும் சலுகை காட்ட மாட்டாரு, நியாயமாத்தான் சொல்லுவாரு" என்றாரா? நான் ஒன்றும் கேட்கவே இல்லையே என்று விழித்தேன்.

கோபம் வந்தது. அப்புறம் ஒரு யோசனையும் வந்தது. மூன்று நாளாக மனசில் உறுத்துவதை முகத்துக்கு நேரே சொன்னால் அவருக்குச் சுருக்கென்று இருக்கும். ஆகவே இதை எனக்கு நானே எழுதிக்கொள்கிறேன் – எனக்கு மட்டும்:

கம்பெனியில் மோல்டில் மண்கூழை ஊற்றுகிறார்கள். ஓரத்தில் கட்டியானதும் மிச்சக் கூழை வடித்து வாளியில் சேர்த்து, அதையே அடுத்த மோல்டுக்கு ஊற்றுகிறார்கள். வடித்ததை வீசுகிறவன் அங்கே வேலைக்காரனே இல்லை. நல்ல பழக்கம். ஆனால் பிரேக்கில் வடித்த எண்ணெய் நுரையோடு இருக்கிறது. வேட்டியில் வடிகட்டினால் தூசிதான் நிற்கும், நுரை நிற்குமா? எடுத்த காற்றையே திரும்பத் திரும்ப ஊற்றிக்கொண்டிருக்கிறோம். புது டின் எண்ணெய் வேண்டும்.

இன்னொன்று. காலேஜ் லேபில் வாயுவைச் சேகரிக்கும்போது குழாயின் முனையைத் தண்ணீருக்குள் முக்கி வைப்போம். அதுபோல நிப்பிளில் ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையை ஒரு பாட்டில் எண்ணெய்க்குள் முக்கிவைத்தால்? கால் எழுந்தாலும் திரும்பி வருவது எண்ணெய்தான். குழந்தை அழுகிற வீட்டுக்கு ஏற்ற முறை.

டைரியை மேசைமேல் திறந்தே வைத்துவிட்டுப் படுக்கப் போகிறேன். மறதிதான்.

13 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் ஷிப்டு முடிந்து வந்தவர் மறுபடி கடைக்குப் போய், சீல் உடைக்காத டின்னும் ஒரு முழம் பிளாஸ்டிக் குழாயுமாக வந்து நின்றார்.

"நேத்து ஷிப்டுல யோசிச்சிக்கினே இருந்தேன். இப்படிச் செஞ்சா என்னான்னு தோணுச்சு."

"அப்படியாங்க!" கண்ணைக்கூட அகலமாக விரித்தேன்.

துர்காவின் பழைய பால்புட்டிதான் கிடைத்தது. அதில் நெயில் பாலிஷால் பெரிசாக "விஷம்" என்று எழுதியிருந்தும் மனசு கேட்காமல், மற்றப் புட்டிகளை எல்லாம் எடுத்துப் பரண்மேல் ஒளித்தேன். தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக வந்தோம். துர்கா அழுதாள். கால் எழுந்தது. குழாயில் எண்ணெய் கொஞ்சம் பின்னுக்குப் போய் நின்றது, அவ்வளவுதான். அவர் சக்கரத்தடியிலிருந்து தலையை நீட்டி, "எழும்பட்டும், எழும்பட்டும்" என்றார். அந்த வடித்த எண்ணெயை அவரே கொண்டுபோய்க் கொட்டினார். கொட்டிவிட்டு ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

பெடல் கல்.

16 பிப்ரவரி, புதன்

குத்தூஸ் பாய் பட்டறைக்கு எதிரே, குறுக்கே ஒரு ஈ காக்கை இல்லாதபோது, சடக்கென்று பிரேக் போட்டு நிறுத்திவிட்டு வந்தாராம்.

21 பிப்ரவரி, திங்கள்

கல்யாணம் நல்லபடி முடிந்தது. மாப்பிள்ளை அழைப்பைப் பற்றி எழுத வேண்டும்.

பின் சீட்டில் தம்பி, மாலையும் தலைப்பாகையுமாக. பக்கத்தில் பழத்தட்டுகள். முன்னால் நான், மடியில் துர்கா. பாலத்துக்குத் திரும்புகிற இடத்தில் ஓர் எருமை, தனக்கும் அழைப்பிதழ் வந்தது மாதிரி, நடு ரோட்டுக்கு வந்து நின்றது.

மிதித்தார்.

கார் நின்றது. மற்றது எதுவும் நிற்கவில்லை. தம்பியின் தலைப்பாகை என் தோளுக்கு வந்தது, ஆரஞ்சுகள் அவர் காலடிக்கு உருண்டன. துர்கா ஊரே கேட்க அலறினாள். எருமை அசை போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தது.

"மாமா, பிரேக்கு இருக்குது" என்றான் தம்பி.

அப்போதுதான் கவனித்தேன். என் வலது கால், பெடலே இல்லாத இந்தப் பக்கத்துத் தரையை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது. பிள்ளை மடியிலேயே அலறுகிறாள். கால் எழவில்லை. எருமை தாண்டிப் போகிற வரைக்கும், அவர் "வுடு சந்திரா" என்று சொல்கிற வரைக்கும் எழவே இல்லை.

இனி எழுதுவது எனக்கு நானே இல்லை. கட்டைவிரலைத் துடைத்துவிட்டுப் படியுங்கள்.

பிரேக் இல்லாத பக்கத்தில் உட்கார்ந்து இனிமேல் என்னால் மிதித்துக்கொண்டிருக்க முடியாது. உங்களுக்கு ஷிப்டு மாறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுங்கள். துர்காவை ஜெரினா அக்கா பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன். பதில் சீக்கிரம் எழுதுங்க.