உனக்காகப் பசிக்காமல் இருந்த மாதங்கள்

தம்பி,

நேற்று ஃப்ரிட்ஜைத் துடைத்து வைக்கலாமென்று எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். கதவுத் தட்டில், வடுமாங்காய் பாட்டிலுக்குப் பின்னால், அந்த ஊசிப் பேனா ஒன்று அட்டைப் பெட்டியோடு கிடந்தது. பிரிக்காதது. தேதி தாண்டிவிட்டது. அதற்கென்று வாசனை எதுவும் கிடையாது. ஆனாலும் பெட்டியைக் கையில் எடுத்தவுடன் ஸ்பிரிட் பஞ்சின் வாசனை மூக்கில் ஏறியது. கூடவே நீயும் வந்துவிட்டாய். சாமான்களெல்லாம் தரையில் பரப்பிக் கிடக்க, நான் பாட்டுக்கு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நம் இரண்டு பேரையும் சாப்பிடுவதற்காகவே பெற்றேன் என்று அம்மா சொல்வாள். குறையாகச் சொன்னாளா பெருமையாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்துக் காவேரிப் படித்துறைக்குப் போவோமே, ஞாபகம் இருக்கிறதா? புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம் என்று நான்கு தூக்கு. அம்மா ஆற்றுக்கு மஞ்சளும் பூவும் விட்டுவிட்டுத் திரும்புவதற்குள் புளியோதரைத் தூக்கில் வேர்க்கடலைகூட மிச்சமில்லை. "காவேரித் தாய் சாப்பிட்டுட்டா" என்று நீ சொன்னாய். வாயைச் சுற்றி எண்ணெய் மினுமினுத்தது. அம்மாவுக்கு அடிக்கக் கை ஓங்கியும் சிரிப்பு வந்துவிட்டது.

பாலக்கரைத் தெருவில் நமக்குப் பெயர் வேறு வைத்திருந்தார்கள். குண்டக்கா, குண்டுத்தம்பி. எனக்கு அழுகை வரும். நீ அதைக் காதிலேயே வாங்கியதில்லை. ஜங்ஷனில் சித்தியை ரயிலேற்றப் போனபோது, விளக்கு சுற்றுகிற அந்த எடை மெஷினில் இருவரும் சேர்ந்து ஏறினோம். அட்டையில் வந்த எடையைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீ அட்டையைத் திருப்பி, அதிலிருந்த ஜோசியத்தை ஸ்டேஷனுக்கே கேட்கும்படி வாசித்தாய். நல்ல காலம் வரப்போகிறதாம். "பாருக்கா, ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டிருக்கான்" என்றாய்.

நான் கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தேன். ஸ்கூல் ஆபீசில் வேலை. நீ மலைக்கோட்டை அடிவாரத்தில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்தாய். ஞாயிற்றுக்கிழமையானால் பாலத்தைத் தாண்டி உன் வண்டி வரும். ஹாண்டில்பாரில் ஏதாவது ஒரு பொட்டலம் தொங்கும். காந்தி மார்க்கெட்டில் பலாப்பழம் வந்துவிட்டது என்பதே உன்னைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். உன் மாமா பாவம், நாம் பேசிக்கொண்டே சாப்பிடுவதைப் பார்த்தபடி இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவார்.

சர்க்கரை உனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. ஒரே அடுப்பில், ஒரே தட்டில் வளர்ந்த உடம்புகள், உனக்கு மட்டும் ஏன் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். கால் வீங்குகிறது என்று போனபோது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தில்லை நகரில் டயாலிசிஸ். உன் மனைவி செல்வி தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்றாள். அவளுக்கும் சர்க்கரை என்பதால் வேண்டாம் என்றுவிட்டார்கள். நான் போனேன். ரத்தம் ஒத்துப்போனது. ஆனால் அந்த டாக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்த எடையில் ஆபரேஷன் செய்தால் எனக்கும் ஆபத்து, மிச்சமிருக்கிற ஒற்றைக்கும் பாரம், எடை குறைந்தால்தான் மேற்கொண்டு பேசலாம் என்றார். நடந்தும் பட்டினி கிடந்தும் எனக்கு என்றைக்கு எடை குறைந்திருக்கிறது? அவரே வேறொரு டாக்டரிடம் அனுப்பினார். அங்கேதான் வாரம் ஒருமுறை போடும் இந்த ஊசியை எழுதிக் கொடுத்தார்கள். சர்க்கரைக்காக வந்த மருந்து, பசியை அடக்கும், எடையும் இறங்கும், மாதாமாதம் வந்து காட்ட வேண்டும் என்று விளக்கினார்கள்.

உன்னிடம் சொன்னபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

"சர்க்கரை எனக்கு, ஊசி உனக்கா? உன் உடம்பைக் கரைச்சு நான் பொழைக்கணுமாக்கா?"

அதற்குப் பிறகு ஒரு வாரம் போனை எடுக்கவில்லை. செல்விதான் எடுத்து, அவர் தூங்குகிறார் என்பாள். எனக்கும் கோபம். பேனாவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி உன் வீட்டுக்கே வந்துவிட்டேன். நீ போட்டுவிடுகிறாயா, இல்லை நானே கண்ணை மூடிக்கொண்டு எங்கேயாவது குத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். எனக்கு ஊசி என்றால் எவ்வளவு பயம் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? பேனாவை வாங்கி, அதிலிருந்த எழுத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தாய். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்தாய். வருஷக்கணக்காக இன்சுலின் போட்டுக்கொண்ட கை. என் வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்து, "மூச்சை விடு, மேல பாரு" என்றாய். நான் மேலே பார்த்து முடிப்பதற்குள் பேனாவை மூடிவிட்டாய். உன் கண் மட்டும் கலங்கியிருந்தது. அதன் பிறகு ஞாயிறு தவறாமல் நீதான் போட்டாய். உனக்குக் கொடுக்கப்போகிறவளுக்கு நீயே ஊசி போடுகிறாய் என்று மாமா சொன்னதற்கு, கொஞ்ச நாளாகக் காணாமல் போயிருந்த உன் சிரிப்பு திரும்பி வந்தது.

முதல் சில வாரங்கள் குமட்டல். தாளிக்கிற வாசனை வந்தால் வாசலுக்குப் போய் நின்றுகொள்வேன். பிறகு குமட்டல் அடங்கியது, பசியும் அடங்கியது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து கூடவே இருந்த ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போய்விட்டாற்போல. மத்தியானம் மணி அடித்து எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்தால்தான் சாப்பாட்டு நேரம் என்பதே நினைவுக்கு வரும்.

ஸ்கூல் விட்டதும் நேரே டயாலிசிஸ் சென்டருக்கு வருவேன். உன் கையிலிருந்து ரத்தம் குழாயில் போய்த் திரும்புவதைப் பார்க்காமல் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்காருவேன். உனக்கு வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டும், குடிக்கிற தண்ணீருக்கும் அளவு.

"எனக்குப் பசிக்குது, திங்கக் கூடாது. உனக்குத் திங்கலாம், பசிக்கல. ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு முழு ஆளு" என்றாய் ஒரு நாள்.

அங்கே உட்கார்ந்துகொண்டு நாம் பேசியதெல்லாம் சாப்பாடுதான். அம்மாவின் வத்தக்குழம்பு, சமயபுரத்துக்கு நடந்து போனபோது வழியில் கொடுத்த பானகம், பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் நீ எழுந்திருக்காமல் இரண்டு பந்தி சாப்பிட்டது. பக்கத்துப் படுக்கைக்காரர், கொஞ்சம் மெதுவாகப் பேசுங்க, எனக்கும் ஆசையாக இருக்கு என்று கெஞ்சினார்.

அப்புறம் அந்தப் பாலக்கரை பரோட்டா. உனக்குப் பதிலாக நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்றாய். போனேன். கல்லில் தட்டுகிற சத்தம், சால்னா வாசனை, எல்லாம் அப்படியே இருந்தது. எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. தோற்றுப்போனவளாகத் திரும்பி வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ரெண்டு வாய்க்கு மேல முடியலடா."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். "பரவால்ல. அந்த ரெண்டு வாயைச் சொல்லு."

சொன்னேன். மேல் அடுக்கு முறுகி உள்ளடுக்கு நூலாகப் பிரிந்ததை, சால்னாவில் சோம்பு தூக்கலாக இருந்ததை, இரண்டாவது வாயில் ஒரு வெங்காயத் துண்டு கடிபட்டதை. மெஷின் ஓடி முடியும்வரை அந்த இரண்டு வாயையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு முழுத் தட்டை நான் அவ்வளவு கவனமாகச் சாப்பிட்டதில்லை. நீயும் யாருடைய சாப்பாட்டையும் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. நம் வாழ்க்கையிலேயே நாம் சேர்ந்து சாப்பிட்ட பெரிய சாப்பாடு அதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

எடை இறங்கியது. வளையல் முழங்கைவரை ஏறியது, மோதிரத்தில் நூல் சுற்றினேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இனி மற்ற டெஸ்டுகளை ஆரம்பிக்கலாம் என்று சொன்ன அன்று, மாடிப்படியில் நின்றுகொண்டே உனக்குப் போன் செய்தேன்.  மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, ஆபரேஷன் முடிந்ததும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிக்கப் போகிறேன், சாப்பாடெல்லாம் அப்புறம் என்றாய்.

டெஸ்டுகள் பாதியில் இருக்கும்போது உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குறைந்துவிட்டது, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மறுநாள் காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது செல்வி போன் செய்தாள். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம். நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். பாதிப் பின்னலோடு ஆட்டோவில் வந்தேன்.

காரியத்துக்கு வந்தவர்களுக்கு என் உடம்புதான் முதலில் கண்ணில் பட்டது. ஒருத்தி என்னைத் தனியாக அழைத்துப் போய், "எவ்வளவு அழகா இளைச்சுட்டீங்க, எந்த ஊசின்னு சொல்லுங்களேன், என் மருமகளுக்குப் போடணும்" என்றாள். டாக்டரைக் கேளுங்க என்று மட்டும் சொன்னேன். அவள்மேல் கோபமில்லை. எங்கள் ஸ்கூலிலேயே இரண்டு டீச்சர்கள் இப்போது போட்டுக்கொள்கிறார்கள். ஒருத்திக்கு முட்டிவலி, இன்னொருத்திக்கு மகள் கல்யாணம். அவரவர் உடம்பு, அவரவர் காரணம். எனக்கு இருந்த காரணம் போய்விட்டது. டாக்டரிடம் சொல்லிவிட்டு ஊசியை நிறுத்தினேன்.

பசி உடனே வரவில்லை. சில வாரம் கழித்து காந்தி மார்க்கெட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். எங்கேயோ வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். வயிறு திடீரென்று கிள்ளியது. எத்தனை மாதம் கழித்து! கூட்டத்தின் நடுவில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷம் கூசிப்போனேன். நீ இல்லாத ஊரில் எனக்கு என்ன பசி? ஆனாலும் நின்று சாப்பிட்டேன், தம்பி. அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன். கடைக்காரர் காரம் அதிகமோ என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

போன மாதம் இடுப்புவலி என்று ஸ்கேன் எடுக்கப் போனேன். அந்தப் பெண் திரையைப் பார்த்தபடி, "ரெண்டு கிட்னியும் நல்லா இருக்குங்கம்மா, கவலைப்படாதீங்க" என்றாள். எல்லோருக்கும் சொல்கிற நல்ல சேதியாகத்தான் சொன்னாள். நான் ரொம்ப நேரம் எழுந்திருக்காமல் படுத்திருந்தேன். முடிஞ்சுதுங்கம்மா என்று அவள் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

இறங்கின எடையில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. வளையல் பழைய இடத்தில் நிற்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. உனக்குத் தருவதாக ஒத்துக்கொண்ட ஒன்றை இன்னும் என்னிடமே வைத்திருக்கிறேன். அதற்கும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறேன்.

உன் அக்கா