மூலைத் தண்டின் சூடு

18 பிப்ரவரி 1974

அன்புள்ள க்ளேப்,

நானும் குழந்தை அஸ்யாவும் நலம். அவளுக்கு இருமல் விட்டுவிட்டது. அங்கே அணுமின் நிலையம் கட்டும் இடத்தில் குளிர் அதிகம் என்கிறார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. இங்கே புரோத்வா ஆறு இன்னும் உறைந்துதான் கிடக்கிறது.

உன் கடிதம் வந்தது. மீன் பிடித்த கதை ஒரு பக்கம், கம்பளிக் காலுறை கேட்டு அரைப் பக்கம். இரண்டு கடிதங்களாக நான் கேட்டதற்கு ஒரு வரிகூட இல்லை. அதனால் மறுபடியும் எழுதுகிறேன்.

உலையின் எரிபொருள் தண்டுகளுக்கு மாதிரியாக இங்கே சூடேற்றிய தண்டுக் கட்டுக்குள் தண்ணீரை ஓட்டிப் பார்த்ததில், வெப்பமானி பொருத்திய ஐந்து தண்டுகளில் நான்கு உன் சூத்திரம் சொன்னபடியே நடக்கின்றன. மூலைத் தண்டு மட்டும் இருபத்திரண்டு டிகிரி கூடுதலாகக் காய்கிறது.

துறைத் தலைவர் வெனியமின் பாவ்லோவிச் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "லுகிச் கோணலா மாட்டியிருப்பான். அந்த எண்ணைத் தூக்கிட்டு அறிக்கையை முடிம்மா. உன் புருஷன் சூத்திரம் உனக்கே கசக்குதா?" என்றார். தண்டுகளைக் கட்டிய நிகிஃபோர் லுகிச்சின் பெயரில் கண்டனக் குறிப்பும் அறிவிப்புப் பலகையில் ஏறிவிட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் அவரருகே போய் உட்கார்ந்தேன். "படிச்சவங்க கோணல்னா கோணல்தான்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

வியாழனன்று நானே தண்டுக் கட்டைப் பிரித்தேன். இடைவெளிகள் வரைபடத்தில் உள்ளபடியே இருந்தன. மூலைத் தண்டின் வெப்பமானியை இடைவெளி அகன்ற பக்கம் திருப்பித் தண்ணீரை ஓட்டினேன், சூடு இறங்கியது. மறுபடி சுவர்ப் பக்கம் திருப்பினேன், ஏறியது. கருவி பொய் சொன்னால் இரண்டு பக்கமும் அல்லவா சொல்லியிருக்கும்? சுவரை ஒட்டிய அந்த இடுக்கில் தண்ணீர் மந்தமாகப் போகிறது, க்ளேப். வேண்டிய அளவு சூட்டை அதனால் எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. உன் சூத்திரம் தண்ணீர் போகும் எல்லா வழிகளையும் சேர்த்துச் சராசரி போட்டுவிட்டது. அதை நம்பித்தான் நீ நிற்கிற இடத்தில் உலை வரப்போகிறது.

எழுதக் கூடாது என்றிருந்தேன், எழுதிவிடுகிறேன். காலுறை தேடியபோது உன் பழைய குறிப்பேடு கிடைத்தது. மூன்று வருடத்துக்கு முந்தையது. அதே மூலை, இருபது டிகிரி கூடுதல். அந்த எண்ணை அடித்த பென்சில் கோடு, பக்கத்தில் உன் கையெழுத்தில் "கருவிப் பிழை". அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

எல்லா எண்களையும் சேர்த்துத்தான் அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் சம்மதம் இல்லாமல் அனுப்ப மாட்டேன் என்கிறார் வெனியமின் பாவ்லோவிச். சூத்திரம் தவறு என்று நீயே அவருக்கு எழுது. லுகிச்சுக்குத் தனியாக ஒரு வரி எழுது. அந்தச் சூத்திரத்துக்காக உனக்கு வரவேண்டிய முனைவர் பட்டம் தள்ளிப்போனால் போகட்டும், நாம் சமாளித்துக்கொள்வோம்.

குறிப்பேட்டை யாருக்கும் காட்டவில்லை. மாதக் கடைசிவரை காத்திருப்பேன். என் கையால் அதைக் காட்ட வைத்துவிடாதே.

காலுறை இரண்டு ஜோடி தனியே அனுப்பியிருக்கிறேன். நல்லபடியாக இரு.

உன்
ரிம்மா