சிவப்புச் சேலை

1991 புரட்டாசி, செவ்வாய் இரவு.

இன்று காலை ஆழ்வார்திருநகரி தாண்டியதும் தண்டவாளத்தின் மேல் சிவப்பாக ஏதோ படபடத்தது. அபாயம் என்று பிரேக் போட்டு என் நீராவி இஞ்சினை நிறுத்தினேன். ஆற்றில் குளித்துவிட்டு வந்த இரண்டு பெண்கள் ஈரச்சேலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக் காற்றில் உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

“இங்கன எதுக்கு நிறுத்துதீய அண்ணாச்சி? கரி பூரா சேலையில விழுது” என்றாள் ஒருத்தி.

கேட்கவேண்டிய கேள்வியை அவளே கேட்டுவிட்டாள். மேட்டில் நின்ற வண்டி லேசில் கிளம்பவில்லை. கரி அள்ளிப் போட்ட பயர்மேன் வழியெல்லாம் என்னை முறைத்தான். தாமதத்துக்கு விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். சேலை என்று எழுதினால் சிரிப்பார்கள். வெறும் சிவப்பு என்று எழுதினால் என்ன சிவப்பு என்பார்கள்.

சோறு போடும்போது மனைவி சொன்னாள்: “இந்தத் தீபாவளிக்காவது எனக்குச் சிவப்புல ஒரு சேலை எடுங்க.”