நான் வரைந்த சுவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா?

எங்கள் தெரு வேகமாக வளர்கிறது. என் ஜன்னலுக்கும் தையல்கார அக்காவின் ஜன்னலுக்கும் நடுவே காலி மனை இருந்ததே, அதில் நான்கு மாடி எழும்புகிறது. ஒரு வேடிக்கை கேளுங்கள், அதற்குப் படம் வரைந்தவளே நான்தான். அலுவலகத்தில் மனைகளுக்கு எண் மட்டும்தான். எந்தத் தெரு என்று யாரும் சொல்வதில்லை. பக்கச் சுவர்களில் ஜன்னல் வேண்டாம் என்றார் மேலாளர். அப்படியே போட்டேன். கோடுகள் சுத்தமாக இருப்பதாகப் பாராட்டினார்.

முந்தாநாள் சுவர், ஜன்னலில் நிற்கும் எங்கள் கழுத்தளவுக்கு வந்திருந்தது.

"ஏய் படிச்ச புள்ள! இன்னைக்கும் வெறும் பிரெட்டுதானா?" என்று அக்கா வழக்கம்போலக் கத்தினாள். "எந்த மகராசன்டி இதுக்குப் படம் போட்டது? கையில கெடச்சான்னா வாயச் சேத்துத் தச்சிருவேன்!"

முதல் கேள்விக்கு மட்டும் "சாப்டேன்க்கா" என்றேன். இங்கே சாப்பாட்டைப் பற்றி என்னைக் கேட்பது அவள் ஒருத்திதான். அவள் வாசல் அடுத்த தெருவில் இருக்கிறது. போய்க் கதவைத் தட்டக் கூச்சம்.

நேற்று வேலை முடிந்து வந்தபோது சுவர் ஜன்னலை முழுதாக மூடியிருந்தது. அழுகை ஒன்றும் வரவில்லை. விளக்கைப் போட்டுத் துணி மடித்தேன்.

அம்மா தைத்த ஜன்னல் திரையை அனுப்ப வேண்டாம். அறைக்குள் விடிவதே தெரியவில்லை. தினமும் காலையில் நீங்கள் எழுந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். அலுவலக வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உடனே வைத்துவிடாதீர்கள் அப்பா. கொஞ்ச நேரம் மணி அடிக்கட்டும்.

உங்கள் மகள்